தலை தூக்கும் புழுக்கள்

வாசலில் வண்டியை நிறுத்தியதுமே தம்பியின் மூக்கில் சேற்று வாடை அடித்தது. சதுப்பு நிலத்தின் ஓரத்தில் தனியாக நின்ற அந்த வீட்டுக்கு அக்கா கல்யாணமாகி வந்தபோது, "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்" என்று கேலி செய்தவன் அவன்தான். இன்று அந்த வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்துப்பூச்சி ஆராய்ச்சிக்காரரான அத்தான், நாணலுக்குள் போய் ஒரு மாதமாகியும் திரும்பவில்லை. தேடியவர்களும் கையை விரித்துவிட்டார்கள். அக்காவை எப்படியாவது தன்னோடு அழைத்துப் போய்விட வேண்டும் என்றுதான் வந்திருந்தான்.

அவளோ அசைவதாக இல்லை.

"அவர் உயிரோட இருக்கார்டா. இதுங்க சொல்லுது."

மேசைமேல் கண்ணாடித் தொட்டி. உள்ளே வெட்டிய நாணல் தண்டுகளில் பழுப்புப் புழுக்கள் மொய்த்துக் கிடந்தன. சதுப்பிலேயே பிறந்து சதுப்பிலேயே சாகும் ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள். அத்தானின் கட்டைக் குரல் கேட்டால் எல்லாம் ஒன்றாகத் தலை தூக்கும். "இந்த வீட்டுல என் பேச்சைக் கேக்கறது இதுங்க மட்டும்தான்" என்று அவர் சிரிப்பார். வேறு யார் தொண்டை கிழியக் கத்தினாலும் அவை மசியா. தம்பியே கத்திப் பார்த்துத் தோற்றிருக்கிறான்.

வெயில் சாய்ந்தது. நாணலின் சலசலப்புகூட நின்றுபோனது.

புழுக்கள் தலை தூக்கின.

ஒன்று பாக்கியில்லாமல். சதுப்பைப் பார்த்து.

தம்பி காதைத் தீட்டிக் கேட்டான். அவன் காதில் எதுவும் விழவில்லை. ஆனால் அக்காவின் முகத்தில் பொங்கிய ஆசையைப் பார்த்ததும் அவனுக்கும் நப்பாசை தட்டிவிட்டது. அவள் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் ஒரு கழியால் சேற்றின் ஆழம் பார்த்தபடி பின்னால் போனான். தலைகள் திரும்பிய பக்கமெல்லாம் அவர்களும் திரும்பினார்கள்.

"இங்கதான்டா கூப்பிடுறார்," அவள் கிசுகிசுத்தாள்.

சுற்றிலும் ஈ காக்கை இல்லை.

புழுக்களின் தலைகள் மெல்ல வளைந்தன.

கீழே.

அவன் கழியைக் குத்தினான். எதிலோ முட்டியது. கையால் சேற்றை வாரினான். முதலில் சட்டைக் காலர் வந்தது, பிறகு முகம். வாய் நிறையச் சேறு அடைத்திருந்தது. போன அன்றைக்கே உயிர் போயிருக்க வேண்டும்.

அக்கா அழவில்லை.

"அப்போ இத்தனை நாளா கூப்பிட்டது யாருடா?"

காரியமெல்லாம் முடிந்தபின், தொட்டியைத் தன் கையாலேயே நாணலுக்குள் கவிழ்த்தான் தம்பி. காரின் பின்கதவைத் திறந்து அவள் பெட்டியை ஏற்றினான். முன் இருக்கையில் அவள் மரம்போல உட்கார்ந்திருந்தாள். போனவர் போய்விட்டார், இவளையாவது மீட்டோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவளருகே வந்து அமர்ந்தான்.

அப்போதுதான் பார்த்தான். அவள் தோளில் ஒரு புழு ஒட்டியிருந்தது. தட்டிவிடக் கையை நீட்டினான்.

அது தலை தூக்கியது.

ஆளில்லாத பின் இருக்கையைப் பார்த்து.

அக்கா திரும்பவே இல்லை.

"பின்கதவைச் சாத்துடா," என்றாள் மெதுவாக. "அவர் ஏறிட்டார்."