விடு என்று சொல்லும் வரை

மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டது. அடுக்கம் போகிற சாலையில், காப்பித் தோட்டத்து இரும்பு கேட்டுக்கு முன்னால் கொஞ்சம் அகலமான இடத்தில், சுசித்ரா பிக்கப்பை ஓரங்கட்டினாள். ஓரங்கட்டினாள் என்பதுகூடத் தப்பு. வண்டி தானே நின்றது. நல்ல இறக்கத்தில், யாரோ பின்னால் இருந்து இழுத்துப் பிடித்த மாதிரி முக்கிக்கொண்டு நின்றது.

பின்னால் பூம்பாறைப் பூண்டு மூட்டைகள். அந்த வாடையையும் மீறி பிரேக் கருகுகிற நாற்றம். இடது பின்சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனாள். அனல் அடித்தது.

மறுபடியும் பிடித்துக்கொண்டது.

வண்டி அவள் அண்ணன் ராஜமுருகனுடையது. போன மழைக்காலத்தில் அவன் செத்துப்போனான். அதற்கப்புறம்தான் வண்டிக்கு இந்த வியாதி. மூஞ்சிக்கல் மெக்கானிக் மயில்சாமி பிரேக் ஷூ மாற்றினார். துருப்பிடித்த ஹேண்ட் பிரேக் கேபிளை மாற்றினார். உள்ளே ஊதிப்போன ரப்பர் ஹோஸையும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே ஒரு கோளாறு இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் ஓட்டிப் பார்த்தபோது வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. சுசித்ரா ஒத்தையில் ஓட்டினால் மட்டும் பிடித்துக்கொண்டது.

காலையில் கிளம்பும்போதே அம்மா பிச்சையம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்த ஒரு லோடை வடுகபட்டியில நல்லபடியா இறக்கிட்டு வா. வழியில நின்னுச்சு, அம்புட்டுதான். நாளைக்கு ஒட்டன்சத்திரத்துக்காரக வண்டி பாக்க வாராக. சாவியைத் தூக்கிக் குடுத்துருவேன். நீ திருப்பூர்ல சித்தி கூடப் போய் கம்பெனி வேலையைப் பாரு."

"அண்ணன் வண்டிம்மா."

"அவனையே குடுத்தாச்சு. வண்டி என்ன பெரிய வண்டி."

அண்ணனோடு பேசுவதற்கு சுசித்ராவுக்கு அந்த வண்டியைத் தவிர வேறு இடம் இல்லை. இறக்கத்தில் போகும்போது காலியாக இருக்கும் பக்கத்து சீட்டைப் பார்த்து எதையாவது பேசிக்கொண்டே போவாள். அது யாருக்கும் தெரியாது.

முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தாள். ஜாக்கி வைத்து பின்சக்கரத்தைத் தூக்கினாள். இரண்டு கையாலும் சுற்றிப் பார்த்தாள். அசையவில்லை. செல்போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது. மயில்சாமியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, வண்டியின் மூக்கு மேல் வைத்தாள்.

"என்ன மருமவளே, மறுபடியும் மக்கர் பண்ணுதா? பேசாம அந்த வண்டியை என் ஷெட்லயே கட்டிப் போட்டுருவோமா, மாட்டைக் கட்டுற மாதிரி?"

"விளையாடாதீங்க மாமா. வீலு சுத்தலை."

"சரி தாயி. வீலுக்குப் பின்னால நிப்பிள் இருக்கும்ல, அதை ஸ்பேனர் போட்டு லேசாத் திற. ஆயில் பீச்சிட்டு வீலு சுத்துச்சுன்னா சொல்லு."

போனைப் பாதையோரம் தரையில் வைத்துக்கொண்டு அடியில் புகுந்தாள். நிப்பிளைத் திறந்ததும் பிரேக் ஆயில் விரல் மேல் சூடாகப் பீச்சியது. சக்கரத்தைத் தட்டினாள். லேசாகச் சுற்றியது.

"சுத்துது மாமா!"

"அப்போ ஷூ ஒட்டலை. ஆயில்தான் அமுந்து நிக்குது. மூடிட்டுப் பாரு."

மூடினாள்.

தலைக்கு மேலே, கேபினுக்குள், டொப் என்று ஒரு சத்தம்.

டொப். டொப்.

சக்கரம் கல் மாதிரி இறுகியது.

மேகம் சாலையை முழுசாக மூடியிருந்தது. ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

"தாயி," என்றார் மயில்சாமி. "கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்லை மாமா. ஒத்தையிலதான் இருக்கேன்."

"பெடலை மிதிச்சு அமுக்கிக்கிட்டு இருக்காங்கல்ல. காலை எடுக்கச் சொல்லு, வீலு வெரசா விட்டுரும்."

"யாரும் இல்லைங்கிறேன்ல."



"பின்னே, 'புடிச்சிருக்கேன்'னு சொன்னது யாரு?"

சிக்னல் போய்விட்டது.

சுசித்ரா ஊர்ந்து வெளியே வந்தாள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். சீட்டில் யாரும் இல்லை. ஆனால் பிரேக் பெடல் அடிவரைக்கும் அமுங்கிக் கிடந்தது. கையை விட்டுத் தூக்கிப் பார்த்தாள். வரவில்லை. சில்லிட்ட இரும்பின் மேல் ஏற்கெனவே ஒரு கால் இருந்து, அவள் விரல்களுக்கு இடமில்லாத மாதிரி இருந்தது. அண்ணன் குளிருக்குத் தேய்க்கிற தைல வாடை அடித்தது.

அண்ணன் செத்த அன்றைக்கும் இரண்டு பேரும் இந்த வேலைதான் செய்துகொண்டிருந்தார்கள்.

பிரேக் குழாய்க்குள் ஏறின காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்து மிதித்து, அமுக்கிப் பிடித்து, 'புடிச்சிருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். இன்னொருத்தர் அடியில் நிப்பிளைத் திறந்து, காற்றை விட்டு, மூட வேண்டும். மூடிவிட்டு 'விடு' என்று சொல்கிற வரைக்கும் உள்ளே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் போன காற்று திரும்பி வந்துவிடும்.

பெருமாள்மலைக்கு மேலே, மழையில், ராஜமுருகன் உள்ளே மிதித்தான். அவள் அடியில் கிடந்தாள். 'புடிச்சிருக்கேன் பாப்பா' என்றான். அப்போதுதான் மேலே சரிவிலிருந்து கல் உருண்டு வந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. ஆட்கள் வந்து அவனைத் தூக்கியபோது கால் பெடலை விட்டு வரவில்லை. இரண்டு பேர் சேர்ந்து பிரித்தார்கள்.

அவள் இன்னும் 'விடு' என்று சொல்லவே இல்லை.

இத்தனை நாளாகக் காத்திருக்கிறானா? சொல்லாவிட்டால் வண்டி நகராது, நாளைக்குச் சாவி கைமாறும். சொன்னால், அவன் போய்விடுவான். பக்கத்து சீட்டு நிஜமாகவே காலியாகிவிடும்.

வெகுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விடுண்ணே," என்றாள். "மூடிட்டேன். விடு."

பெடல் மெதுவாக, பெருமூச்சு விடுகிற மாதிரி, மேலே ஏறியது.

தைல வாடை போய்விட்டது. சக்கரம் காற்றில் சுற்றியது. அவ்வளவு தனியாக அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

அழுகை அடங்கியதும் சீட்டில் ஏறி பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். பெடல் பஞ்சு மாதிரி அடிவரைக்கும் போனது. ஆயில் பாதி ரோட்டில் கிடந்தது. குழாய்க்குள் காற்று ஏறிவிட்டது. இந்தப் பிரேக்கை வைத்துக்கொண்டு இந்த இறக்கத்தில் ஒரு வளைவுகூடத் தாண்ட முடியாது. காற்று எடுக்க இரண்டாவது ஆள் வேண்டும். இந்த மேகத்தில் யார் வருவார்கள்?

சீட்டுக்கு அடியில் கிடந்த டப்பாவில் மிச்சம் இருந்த பிரேக் ஆயிலை ஊற்றினாள். ஒரு வண்டியாவது வராதா என்று மேட்டைப் பார்த்தாள். பிறகு, வேறு வழி தெரியாமல், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் போய்ப் படுத்தாள். ஈரத் தரை முதுகில் ஏறியது. நிப்பிளில் ஸ்பேனரை மாட்டினாள்.

யாரையும் கூப்பிடவில்லை. வாயே திறக்கவில்லை.

டொப்.

டொப்.

டொப்.

"புடிச்சிருக்கேன் பாப்பா."

மேலே சீட்டு ஸ்பிரிங் கிறீச்சிட்டது, ஒரு ஆள் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி.

"மெதுவாப் பண்ணு. இன்னும் மூணு வீலு கெடக்கு," என்றது குரல். "எனக்கு வேற என்ன சோலி?"