கண்ணாடிக்கு உள்ளே மூன்று கோடு

செவ்வாய்க்கிழமை, காலை 7.40.

நீர்வேலியில், வாழைத் தோட்டங்களுக்குப் பின்னால் போகிற எங்கள் ஒழுங்கையில், அந்த நேரத்துக்குச் சத்தம் போடுவது தண்ணீர்ப் பம்புகள் மட்டும்தான். அன்றைக்கு இராசநாயகமும் போட்டார். வவுனியாவில் மகளின் கலியாண அழைப்பிதழைக் கொடுத்துவிட்டு விடியப்புற பஸ்ஸில் வந்து இறங்கியவர், செருப்பைக் கழற்றமுன் தன் விமானத்தைப் பார்க்கப் போனார். அடுத்த நிமிடம் ஒழுங்கையின் இரு கரையிலும் ஆட்கள் விளக்குமாறும் கையுமாக நின்றார்கள். எல்லோருக்கும் திடீரென்று வாசல் படலையடியில் கூட்டுகிற வேலை இருந்தது.

இராசநாயகம் நீர்ப்பாசனப் பகுதியில் படம் வரைந்து ஓய்வுபெற்றவர். பதினான்கு மாதமாக அவருக்கு ஒரே வேலைதான்: பெட்டியில் துண்டு துண்டாக வந்த கட்டலீனாவைக் கட்டுவது. கட்டலீனா என்பது கடலில் இறங்கும் பழைய போர் விமானம். அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, இரண்டடிக்குக் கொஞ்சம் கூடிய சிறகு, எள்ளளவு துண்டுகள், பூதக்கண்ணாடி, சாமணம். ஒரு துண்டு நிலத்தில் விழுந்தால் வீட்டில் ஒருவரும் கால் எடுத்துவைக்கக் கூடாது. மனைவி மகாதேவி ஒருமுறை முக்கால் மணித்தியாலம் ஒற்றைக் காலில் நின்றதாக ஒழுங்கையில் ஒரு கதை உண்டு. முக்கால் என்பது கொஞ்சம் கூட. கால் மணி இருக்கும்.

பெட்டியோடு வந்த தாளில் எதை எதால் ஒட்ட வேண்டும், எதால் ஒட்டவே கூடாது என்றெல்லாம் இருந்தது. சுப்பர் குளூ கூடாது என்று போட்டிருந்ததால் அந்தச் சாமான் அவருடைய மேசைப் பக்கமே வந்ததில்லை. ஏன் கூடாது என்று அவர் கேட்கவில்லை. அரசாங்கத்தில் வேலை செய்தவர். சுற்றறிக்கைக்குக் காரணம் கேட்டுப் பழக்கமில்லை.

விமானம் விறாந்தை மூலையில் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் நின்றது. தூசி போகாமல் கதவு தானாகவே சாத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டு, கனிசியஸ் என்ற தச்சரிடம் சுருள்வில்லு வைத்துச் செய்வித்தது. விட்டால் அடித்துச் சாத்தும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்துவிட்டுத்தான் அவர் தேத்தண்ணி குடிப்பார்.

அந்த அலுமாரிக்குள்தான் அநியாயம் நடந்திருந்தது. விமானி இருக்கும் கண்ணாடிக் கூடு, இடுப்பின் இரு பக்கமும் இருந்த கண்ணாடிக் குமிழ்கள், எல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தன. கதவுக் கண்ணாடியின் உட்பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, மூன்று வெள்ளைக் கோடுகள்.

மூன்று வெள்ளைக் கோட்டைக் கண்டால் எங்கள் ஊருக்கு வேறென்ன தோன்றும்? திருநீறு.

திருநீறு என்றால் சோமசேகரம். மகாதேவியின் தமையன். ஒழுங்கை முடிவில் வீடு. கிழமைக்கு ஒருக்கால் தொண்டைமானாற்றுக்குப் போய்ச் சன்னிதியான் முருகனைக் கும்பிட்டு, வரும்போது பொட்டலம் நிறையத் திருநீறோடு வருவார். அதை நெற்றிக்கு மட்டும் பூசினால் பரவாயில்லை. தங்கை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி, அவள் மகளின் ஸ்கூட்டி, தண்ணீர்ப் பம்பு எல்லாவற்றுக்கும் பூசியிருக்கிறார். திங்கட்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அவர் அந்த விறாந்தையில் தனியே பத்து நிமிடம் இருந்ததை ஒழுங்கையில் மூன்று பேர் கண்டிருந்தார்கள். கேட்காமலே வந்து சொன்னார்கள்.

செவ்வாய், காலை 9.15. இராசநாயகம் மச்சான் வீட்டுப் படலையில் நின்று கேட்டார். பூசவில்லை என்றார் சோமசேகரம். மறுபடி கேட்டார். பூசவில்லை. மூன்றாம் முறையும் அதே பதில். இராசநாயகம் திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்: உண்மையை ஒப்புக்கொள்ளும்வரை சோமசேகரம் கலியாணத்துக்கு வரத் தேவையில்லை.

கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. பாலில் தோய்த்த அறுகை, பாலறுகை, பொம்பிளையின் தலையில் முதலில் வைக்க வேண்டியது தாய்மாமன். மகள் பிரசாந்தி இரண்டு நாள் அழுதாள். அழுதாலும், "மாமாதான் செய்திருப்பார்" என்று அவளும் சிநேகிதிக்குச் சொன்னாள். சொன்னதை நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதாள். மகாதேவி அழவில்லை. பலகாரச் சட்டியோடு சட்டியாக இருந்தாள்.

வியாழக்கிழமை, பின்னேரம் 5.10.

முன்வீட்டு லவீனா வந்தாள். யாழ்ப்பாணத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை. கலியாணத்துக்கென்று இராசநாயகம் செய்வித்த புதுக் கண்ணாடியைக் கொடுக்க வந்தவள், கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். எங்கள் ஒழுங்கையில் அப்படிப் போகிறவர்கள் இல்லை.

அலுமாரிக் கதவைத் திறந்தாள். வெள்ளையைக் கண்டதும் பழக்கதோசத்தில் கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்தாள். துடைத்தாள். போகவில்லை. துணியை நனைத்துத் துடைத்தாள். போகவில்லை.

"அங்கிள், நீங்கள் உதைத் துடைச்சுப் பாக்கேல்லையோ?"

"சாட்சியத்திலை கை வைக்கக் கூடாது, பிள்ளை."

லவீனா கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மேலே இரண்டும் நீளம். கீழ்க்கோடு மட்டும் கட்டை, ஒல்லி. பிறகு குனிந்து விமானத்தின் மூக்குப் பக்கம் ஊதினாள். இடது சிறகில் இருந்த காற்றாடி விர்ரென்று சுழன்றது. வலது பக்கத்தது அசையவில்லை.

"இது சுத்தாதோ?"

"ஏன் சுத்தாது? ரண்டும் சுத்தும். ஒரு மாசம் மினக்கெட்டனான்."

அவரும் வந்து ஊதினார். சுழலவில்லை. மூன்று நாளாக வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தாரே தவிர, விமானத்தைப் பார்க்கவில்லை.

லவீனா திங்கட்கிழமையைப் பற்றி விசாரித்தாள். மத்தியானம் வீட்டில் யார்? மகாதேவி மட்டும். பிரசாந்தி யாழ்ப்பாணத்தில், தையல்காரியிடம். என்ன வேலை நடந்தது? கூறைப் பெட்டிகள் வைக்க விறாந்தையில் இடம் எடுத்தது, பயற்றம் பணியாரம் சுட்டது. அப்போது மகாதேவி தேத்தண்ணியோடு வந்தாள். இடது கைச் சுட்டுவிரலில் துணி சுற்றியிருந்தது. பணியாரம் சுடும்போது எண்ணெய் பட்டது என்று, யாரும் கேட்கமுன் சொன்னாள்.

லவீனா கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள். குடிக்கவில்லை.

"அன்ரி, நீங்கள் பணியாரம் எந்தக் கையாலை போடுறனீங்கள்?"

"சோத்துக் கையாலைதான்."

"அப்ப எண்ணெய் மற்றக் கைக்கு எப்பிடி வந்தது?"

லவீனாவுக்கு இதற்குமேல் பேச விருப்பமில்லாமல் இருந்தது. அந்த வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவள். ஆனாலும் ஒழுங்கை முடிவில் ஒரு மனிதர் செய்யாத குற்றத்துக்கு மூன்று நாளாக வெளியே வராமல் இருந்தார்.

தன் கடைக்கு வரும் ஆட்களைப் பற்றி அவள் சொன்னாள். மூக்குக்கண்ணாடியின் பிறேம் உடைந்தால் வீட்டிலேயே சுப்பர் குளூவால் ஒட்டி, பசை ஈரத்தோடு கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடிவிடுவார்கள். அடுத்த நாள் திறந்தால் கண்ணாடி முழுக்க வெள்ளை. அந்தப் பசை காயும்போது ஆவி வரும். மூடிய இடத்தில் அந்த ஆவிக்குப் போக வழியில்லை. கண்ணாடியில் போய்ப் படியும். கைபட்ட இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கே இன்னும் தடிப்பாகப் படியும். தண்ணீரால் போகாது.

"இது திருநீறு இல்லை, அங்கிள். விரல். கதவு தானாச் சாத்திக்கொள்ளும். வலக்கையாலை காத்தாடியை ஒட்டினால், இடக்கையாலை கதவைத் தள்ளிப் பிடிக்க வேணும். நாலு விரலும் பட வேணும். பட்டது மூண்டு. கீழை இருக்கிற கட்டைக் கோடு சின்னவிரல். அப்ப படாதது சுட்டுவிரல். ஏன் படேல்லை? அதிலை பசை."

இராசநாயகம் மனைவியைப் பார்த்தார். மகாதேவி துணி சுற்றிய கையைச் சேலைத் தலைப்புக்குள் கொண்டுபோனாள்.

"அவிழ்க்க வேண்டாம், அன்ரி," என்றாள் லவீனா. "நீங்கள்தான். வேணுமெண்டு செய்யேல்லை எண்டும் தெரியும். வேணுமெண்டு உடைக்கிற ஆள் திருப்பி ஒட்ட மாட்டா."

மகாதேவி கதிரையில் போய் இருந்தாள். கூறைப் பெட்டிக்கு இடம் எடுக்க அலுமாரியைத் தள்ளியிருக்கிறாள். விமானம் உள்ளே வழுக்கிக் கண்ணாடியில் மோதியது. காற்றாடி கழன்று விழுந்தது. குசினியில் செருப்பு ஒட்ட வைத்திருந்த சுப்பர் குளூவால் ஒட்டும்போது அது விரலிலும் பிடித்தது. அப்படியே சாத்தினாள். பின்னேரம் தமையன் வந்து போனார். விளக்கு வைக்கும் நேரம் பார்த்தபோது கண்ணாடியில் மூன்று கோடு.

"சன்னிதியான் என்னைக் காட்டிக் குடுக்கிறான் எண்டு நினைச்சன்," என்றாள். "விடிஞ்சு இவர் அண்ணையின்ரை பேரைச் சொன்னார். ஒரு நிமிசம் எனக்கு ஆறுதலாக் கிடந்தது. அந்த ஒரு நிமிசத்துக்குத்தான் மூண்டு நாளாச் சோறு இறங்கேல்லை."

"கை தவறிப் போச்செண்டு சொல்லியிருக்கலாமே," என்றார் இராசநாயகம்.

"சொன்னால் நீங்கள் நம்பியிருப்பியளோ?"

தை மாதம் மகாதேவி சொன்னதை ஒழுங்கை முழுக்கக் கேட்டிருந்தது: அந்தப் பிளேன் இந்த வீட்டில் இருக்கும்வரை கலியாணச் சாமானைத் தன் தலையிலா வைப்பது என்று. அதற்கு இராசநாயகம் சொன்ன பதிலையும் கேட்டிருந்தது. அதற்குப் பிறகு பிளேன் தவறி உடைந்தது என்றால் யார் நம்புவார்? இப்போது அவர் வாயைத் திறந்தார். நம்பியிருப்பேன் என்று சொல்லத்தான் திறந்தார். மூடிவிட்டு, உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

மாலை 6.05. கணவனும் மனைவியும் ஒழுங்கையால் நடந்து போனார்கள். கூட்டுவதற்கு மறுபடி எல்லோருக்கும் குப்பை கிடைத்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை "அவர்தான், வேறு யார்?" என்று சொன்ன வாய்கள் எல்லாம் அன்றைக்கு நிலத்தைப் பார்த்தே கூட்டின.

சோமசேகரம் படலையைத் திறந்துவிட்டார். வாருங்கள் என்று சொல்லவில்லை.

"மச்சான், பிழை என்ரை," என்றார் இராசநாயகம்.

"இல்லை அண்ணை, என்ரை," என்றாள் மகாதேவி. நடந்ததை முழுக்க அவளே சொன்னாள். முடிந்த பிறகு சோமசேகரம் மச்சானைப் பார்த்தார்.

"நீ என்னட்டை எத்தினை தரம் கேட்டனி?"

"மூண்டு தரம்."

"முதல் தரமே நம்பியிருக்கலாம்."

உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து முற்றத்தில் போட்டார். இராசநாயகம் அதில் இருக்கவில்லை. மகாதேவியும் இருக்கவில்லை. அந்தப் பக்கம் பார்க்காமல் இருவரும் நின்றார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சோமசேகரம் தானே அதில் உட்கார்ந்தார்.

"பாலறுகுக்கு எத்தினை மணிக்கு வரவேணும்?"

மகாதேவிதான் சொன்னாள்.

"ஏழரைக்கு, அண்ணை."