புகையா, புழுதியா?

22-7-1964. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். தீப்பெட்டி ஆலைக்குப் பின்னால் புகை என்று நினைத்து, "தீ" என்று கத்திவிட்டேன். அது ஆடிக்காற்றில் எழுந்த புழுதி.

அந்த ஆலையில் வேலை பார்க்கும் பதினொரு வயது வள்ளித்தாய், நோட்டில் எழுதியதைப் படித்துப் பார்த்தாள். ஆலையில் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். அது சின்னத் தவறுதானா? 'சின்ன' என்பதை அடித்தாள். மனசு கேட்காமல் மறுபடி எழுதினாள். அதற்குள், ஆலைப் பிள்ளைகளுக்கு வேலை முடிந்தபின் நடக்கும் மாலை வகுப்பு தொடங்கிவிட்டது.

வகுப்பு எடுப்பவள் செல்லக்கனி அக்கா. தங்கள் ஊரான விஸ்வநத்தத்திலிருந்து விருதுநகருக்குப் போய்க் கல்லூரியில் தத்துவம் படிக்கிறாள். அங்கே எல்லாப் பாடமும் இங்கிலீஷில்தான். காரணம் காட்டிப் பேசும் கலையான தர்க்கம் நம் நாட்டிலும் உண்டே, அதைத் தமிழிலேயே படிக்கலாமே என்று அக்கா கேட்டிருந்தாள். நாளைக்கு அவளே நடத்திக் காட்ட வேண்டும், மற்றவர்களுக்குப் புரிந்தால் வருஷம் முழுக்கத் தமிழ், புரியாவிட்டால் பழையபடி இங்கிலீஷ் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அந்தப் பாடத்தை முதலில் மாலை வகுப்பில் சொல்லிப் பார்த்தாள். மலையில் புகை தெரிகிறது. புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும், அடுப்படியைப் போல. ஆகவே மலையில் நெருப்பு உண்டு.

ஆலையில் வள்ளித்தாயோடு வேலை பார்க்கும் வெள்ளைத்துரை எழுந்தான். "பாடம் தப்புக்கா. இன்னைக்கு வள்ளி புகையைப் பாத்துட்டுத் தீன்னு கத்துனா. ஓடுன ஓட்டத்துல என் செருப்பு ஒண்ணு போச்சு. தீயத்தான் காணோம்."

வகுப்பே சிரித்தது. வள்ளித்தாய்க்குக் காது சுட்டது.

அக்காவின் முகம் வாடிவிட்டது. "நாளைக்குக் காலேஜ்லயும் இப்படித்தான் மடக்குவாக" என்று புத்தகத்தை மூடினாள்.

பேசாமல் இருந்தால் சிரிப்பு தானே அடங்கிவிடும். ஆனால் அக்கா தோற்றுப்போவாளே. வள்ளித்தாய் மெல்ல எழுந்தாள்.

"பாடம் சரிதான்க்கா. நான்தான் தப்பு. நான் பாத்தது புகையே இல்ல, புழுதி. புகைதானான்னு முதல்ல பாக்கணும். பெறகுதான் நெருப்புன்னு சொல்லணும்."

அக்கா நிமிர்ந்தாள். காரணம் போலத் தெரிந்தாலும் காரணம் ஆகாததைப் பற்றிப் பழைய தர்க்கத்திலேயே தனிப் பாடம் இருக்கிறதாம். இத்தனை நாளும் அதற்கு உதாரணம்தான் அவளுக்குப் பிடிபடவில்லையாம்.

"உன் கதையை நாளைக்குச் சொல்லட்டுமா வள்ளி? பேரைச் சொல்ல மாட்டேன்."

வள்ளித்தாய் வெள்ளைத்துரையைத் திரும்பிப் பார்த்தாள். "பேரையும் சொல்லுங்க. அவன் செருப்பையும் சேத்துச் சொல்லுங்க."

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கிய அக்கா நேரே வகுப்புக்கு வந்தாள். கல்லூரியில் எல்லாரும் முதலில் சிரித்தார்களாம். பிறகு மணி அடித்த பின்னும் கேள்வி கேட்டார்களாம். பேராசிரியரும் ஒன்று கேட்டாராம், தமிழில். இனி வருஷம் முழுக்க அந்தப் பாடம் தமிழில்தான்.

அடுத்த பாடத்தையும் அக்கா அங்கேயே தொடங்கினாள். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போனால், மழை வரும் என்று சொல்லலாமா? ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். வள்ளித்தாய்க்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் எழுதினாள்: நாளை வேலைக்குப் போகுமுன் வேப்பமரத்தடி எறும்புப் புற்றைப் பார்க்க வேண்டும்.