வல்லை வெளியில் ஒரு விசில்

"வீ...ல்!"

திரையில் நடனக்காரி அலறினாள். பியானோவின் மேல் சரிந்தாள். கட்டைகள் எல்லாம் ஒன்றாக அதிர்ந்தன.

பிணம்!

யாழ்ப்பாணத்துத் தியேட்டர் மூச்சை அடக்கியது. மலிவு டிக்கட் கலரியில்கூடச் சத்தமில்லை.

கொலைகாரன் இருட்டில் நடந்தான். முகம் தெரியவில்லை. விசில் மட்டும் கேட்டது. மூன்று சுரம் ஏறி, ஒன்று சறுக்கி, சட்டென்று நின்று...

மீனாம்பிகை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிணத்தைப் பார்த்து அல்ல.

அதே விசிலை அவள் ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் கேட்டிருந்தாள்!

பருத்தித்துறையிலிருந்து வரும் வழியில், வல்லை வெளியில், கார் ஓட்டிக்கொண்டே அதை அடித்தவன் இப்போது பக்கத்து இருக்கையில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தான்.

பரமலிங்கம். சுன்னாகத்தில் அரசாங்கக் கந்தோரில் எழுத்து உத்தியோகம். அப்பா பார்த்த மாப்பிள்ளை.

அப்பா, படகுகள் வைத்திருக்கும் சம்மாட்டி கனகசபாபதி, மறுபக்கத்தில் காவல்.

அவள் மனதில் இருந்தவனோ ரிமாண்டில் இருந்தான். நாகலிங்கம்! அப்பாவின் படகோட்டி. கள்ளமாய் வந்த இந்தியச் சேலை மூட்டைகளோடு கரையில் அநாதையாகக் கிடந்த அப்பாவின் படகைப் பொலிஸ் பிடித்தது. "நாகலிங்கம்தான் களவாய் எடுத்துக்கொண்டு இந்தியாவுக்குப் போனவன்" என்று அப்பா வாக்குமூலம் கொடுத்தார்.

திங்கட்கிழமை வழக்கு. சிறை நிச்சயம்!

இடைவேளை. விளக்குகள் எரிந்தன.

மீனாம்பிகை ஆண்களோடு சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதில்லை. இன்று பேசியே ஆக வேண்டும். பின்வரிசையில் இன்ஸ்பெக்டர் தம்பிஐயா இலவசப் பாஸில் வந்து உட்கார்ந்திருந்தார். நாகலிங்கத்தைப் பிடித்தவர்!

வேண்டுமென்றே சற்று உரக்கச் சொன்னாள்.

"கொலைகாரன் அந்தக் கறுப்புக் கோட்டு அப்புக்காத்துத்தான். எனக்கு விளங்கிற்றுது."

பரமலிங்கம் சிரித்தான்.

"உமக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"அப்ப ஆர்?"

"பியானோ படிப்பிக்கிற நொண்டி வாத்தி!"

"பாவம், அவராலை நடக்கவே ஏலாது."

"நொண்டியோ? சும்மா போம்! கடைசியிலை வெளிச்சவீட்டுப் படியிலை குதிரை மாதிரி ஓடுவான், பாரும்!"

பின்வரிசையில் இன்ஸ்பெக்டரின் வாய்க்குப் போன சோடாப் போத்தல் பாதி வழியில் நின்றது.

"நல்லா ஊகிக்கிறியள்," என்றாள் மீனாம்பிகை. விடவில்லை. "வல்லையிலை அடிச்ச விசிலும் ஊகமோ?"

"அது... றேடியோவிலை கேட்டது."

"றேடியோவிலை பாட்டுத்தான் போட்டவை. பாட்டெல்லாம் எனக்குப் பாடம். உந்த விசில் ஒரு பாட்டிலையும் இல்லை."

"அப்ப... கொழும்பிலை படம் பாத்தவன் ஆரும்..."

"கொழும்பிலையும் இண்டைக்குத்தான் முதல் காட்சி! இந்தியாவிலை மட்டும்தான் முன்னமே ஓடினது!"

பரமலிங்கத்தின் கையிலிருந்து கச்சான் சுற்றிய கடதாசிச் சரை நழுவியது.

தோளில் ஒரு கை விழுந்தது. கனமான கை.

"தம்பி..." என்றார் தம்பிஐயா. "பாஸ்போட் இருக்கோ?"

"இ... இல்லை, சேர்."

"அப்ப அக்கரைக்கு எப்பிடிப் போனனீர்? நீந்தியோ?"

"கடலெண்டாலே எனக்கு வயித்தைப் புரட்டிச் சத்தி வரும், சேர்!"

"சத்தி எடுத்துக்கொண்டு போய்ப் படம் பாத்தனீர் எண்டு எழுதட்டோ?"

பரமலிங்கம் ஓடப் பார்த்தான். எழுந்தான். வழியை மறித்து யாரோ ஒருவரின் இரண்டு முழங்கால்கள். திரும்பினான். இன்ஸ்பெக்டர்!

"பாத்தனான்தான்!" உடைந்தே போனான். "சேலை வந்து சேருமட்டும் நாகபட்டினத்திலை சும்மா இருக்கேலாமல் படத்துக்குப் போனனாங்கள்..."

"போனனாங்களோ?" தம்பிஐயா குனிந்தார். "எத்தினை பேர்?"

"நான் தனியப் போவனே, சேர்? எனக்குச் சுக்கான் பிடிக்கவே தெரியாது!"

"பிடிச்சது ஆர்?"

அவன் விரல் நீண்டது. மீனாம்பிகையைத் தாண்டி...

அப்பா!

"மாமாதான், சேர்! திரும்பி வரேக்கை நேவிக்காரர் பின்னாலை கலைச்சுக்கொண்டு வந்தவை. படகைக் கரையிலை விட்டிட்டு ஓடினம். நாகலிங்கத்தின்ரை பேரைச் சொன்னால் படகும் தப்பும், பிள்ளையின்ரை காதலும் முடியும் எண்டு மாமாதான்..."

"வாயைப் பொத்தடா, விசரா!" கனகசபாபதி கத்தினார்.

அந்தக் கத்தலே போதுமாக இருந்தது.

மீனாம்பிகை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். நாகலிங்கத்தைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தாள். அதற்கு விலை அப்பாவா?

"நாகலிங்கத்தை விடுவியளோ, சேர்?"

"நாளைக்கே நீதவானிட்டைச் சொல்லி விடுவிக்கிறன், தங்கச்சி. எழும்புங்கோ, சம்மாட்டியார்!"

"பிள்ளை... நான் உன்ரை அப்பாவெல்லே! ஒரு வார்த்தை சொல்லன்!"

அவள் கண்ணைத் துடைத்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"சேர், ஒரு வார்த்தை..."

"சொல்லும்."

"ரெண்டு பேரையும் ஒரே பொலிஸ் கூட்டுக்குள்ளை போடுங்கோ. ஆசைப்பட்டுத் தேடின மருமகன்... மாமனிட்டையிருந்து பிரிச்சால் பாவம்!"