வலென்சியாச் சாப்பாட்டில் குறையில்லை

வாழ்நாள் முழுவதும் பலாங்கொடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக மற்றவர்களின் பொய்களை மூன்று மொழிகளில் மாற்றிச் சொல்லி ஓய்ந்துபோனவர் சிவம். 2007ஆம் ஆண்டின் அந்த மழை மத்தியானத்தில் அவருக்குத் தூக்கத்தைத் தவிர வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. முக்தார் விட்டால்தானே. முச்சக்கரவண்டி ஓட்டுவது அவன் தொழில். ஊரார் சிக்கல்களைச் சிவத்தின் வாசலில் கொண்டுவந்து இறக்குவது அவன் ஆசை. அன்று அவன் இறக்கியது ஒரு தோட்டத்துப் பெண்மணியை. அவள் மடியில் ஒரு கம்பளிச் சட்டை இருந்தது.

"சேர், பெரிய கேஸ். இவங்கட மகளை ஸ்பெயின்ல கடத்தி வச்சீக்கிறாங்க."

"அவவை முதல்ல இருக்க விடு," என்றார் சிவம். "நீங்கள் சொல்லுங்கோ அம்மா."

அவள் பெயர் அழகம்மா. மகள் விஜயகலா இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தின் புலமைப்பரிசிலில் வலென்சியா நகருக்கு நர்ஸ் படிக்கப் போனவள். அந்தத் தோட்டத்திலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போன முதல் பிள்ளை. லய வீடுகள் அத்தனையும் திரண்டு மாலை போட்டு, மேளம் அடித்து அனுப்பியது.

"வர்ற திங்கக்கெழம எனக்கு ரத்னபுரி ஆஸ்பத்திரியில ஒபரேசனுங்க. வயித்துல கட்டி. போன தடவ போன்ல, ஒருக்கா வந்து பாத்துட்டு போ தாயின்னு கேட்டேன். அவ்வளவு தூரத்துல இருந்து எப்படிம்மா வர்றதுன்னு சொல்லிட்டு விக்கி விக்கி அழுதா. எம் புள்ள நெசமா நல்லா இருக்காளா? அது தெரியாம நான் அந்த மேசையில படுக்க மாட்டேங்க."

"எப்ப எடுப்பாள்?"

"மொத வருசம் நேரங்காலம் இல்லாம எடுப்பா. இப்ப மாசத்துல ஒருக்கா, சாராயக் கட பூட்டுற நாளாப் பாத்து எடுக்குறா. அதுக்குப் பக்கத்துல புஷ்பம் கடையிலதான் போன் இருக்கு. குடிகாரங்க சத்தமில்லாம நிம்மதியா பேசலாம்."

"என்ன பேசுவாள்?"

"மொத வருசம் பூரா கொறைதாங்க. பகல் சோத்த மூணு மணிக்குத்தான் திங்குறாங்களாம், ராச்சாப்பாடு பத்து மணிக்காம். எதுலயும் ஒறப்பு இல்லியாம். வகுப்புல எல்லாரும் சிரிச்சா, எதுக்குன்னு வெளங்காம இவளும் சிரிப்பாளாம். இப்ப அப்படியில்ல. சாப்பாடு நல்லாயிருக்கு, எல்லாம் நல்லாயிருக்குங்குறா."

"தகப்பனோட பேசுறவளோ?"

"அவருக்குக் குடுத்து வைக்கல. அன்னிக்கு அவரு வேல செய்யிற தேயில ஃபெக்டரி லீவு, எம்பிலிப்பிட்டியில கூட்டாளி வீட்டுக்குப் போயிருவாரு. பொழுது சாயத் தயிர்ச் சட்டியோட வருவாரு. அவளும் அப்பா எங்கன்னு ஒரு நாள் கேட்டதில்ல."

சிவம் கம்பளிச் சட்டையைக் கேட்டு வாங்கினார். புதுச் சட்டை. கழுத்தின் உட்புறத்தில் இருந்த லேபிள் கத்தரியால் பாதியாக வெட்டப்பட்டிருந்தது.

"ஸ்பெயின்ல இருந்து வந்த புள்ளகிட்ட குடுத்தனுப்பினா. எங்க வீட்டுக்காரருதான் டவுன்ல போயி வாங்கிட்டு வந்தாரு."

சிவம் சட்டையை மடித்துக் கொடுத்தார். விடை தெரிந்துவிட்டது. அதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. இந்த மாதிரி விடைகளைச் சொல்லிச் சொல்லியே அவர் களைத்திருந்தார்.

"முக்தார், வண்டியை எடு. இவவின்ர வீட்டை போவம்."

மலைப்பாதை நெடுக முக்தார் தன் ஊகத்தை அவிழ்த்துவிட்டுக்கொண்டே வந்தான். "வேற யாரோ மகள்ட குரல்ல பேசுறாங்க சேர். கடை போன்ல நம்பரும் விழாது."

"பெத்த தாய்க்குக் குரல் தெரியாதோ? ரோட்டைப் பார்த்து ஓட்டு."

லயத்து அறையில் அழகம்மாவின் கணவர் கந்தையா கரிப்பெட்டியால் ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பயணமோ?" என்று கேட்டார் சிவம்.

"கூட்டாளி வீட்டுக்குங்க."

சிவம் மர வாங்கில் உட்கார்ந்தார். "முக்தார், திரும்பு." அவன் சட்டைக் காலரை மடித்துக் காட்டினார். அங்கேயும் லேபிள் பாதியாக வெட்டப்பட்டிருந்தது. "இதை எங்க வாங்கினனி?"

"எம்பிலிப்பிட்டிச் சந்தையில சேர். அங்க உள்ள தையல் கார்மென்ட்ல கழிச்ச சாமான். லேபிளை வெட்டித்தானே வெளிய விடுவாங்க..." முக்தார் அழகம்மாவின் கையிலிருந்த கம்பளிச் சட்டையைத் திரும்பிப் பார்த்தான்.

"ஸ்பெயின் கடையில லேபிளை வெட்டிக் குடுக்க மாட்டினம்," என்றார் சிவம். "சாராயக் கடை பூட்டுறது போயாவுக்கு, பௌர்ணமி லீவுக்கு. நாளைக்கும் அதுதான். வலென்சியாவில ஏது போயா? இஞ்சத்தைக் கார்மென்டுக்குத்தான் அண்டைக்கு லீவு. பிறநாட்டில இருக்கிற பிள்ளை சாப்பாட்டில குறை சொல்லும். முதல் வருஷம் சொன்னவள், அதால உண்மையாய்ப் போனவள்தான். பிறகு குறையே இல்லை. சோறும் சம்பலும் கிடைச்சால் என்ன குறை?"

கரிப்பெட்டி அசையாமல் நின்றது. துணி கருகும் மணம் வந்தது.

"தகப்பன் எங்கயெண்டு அவள் கேக்காததுதான் முக்கியம்," என்றார் சிவம், குரல் இன்னும் தணிந்து. "பக்கத்தில நிக்கிற ஆளை ஏன் கேக்க வேணும்? என்ன கந்தையா?"

கந்தையா கரிப்பெட்டியைத் தூக்கி வைத்தார். சட்டையில் பழுப்பாக ஒரு தடம்.

"எம்பிலிப்பிட்டி கார்மென்ட்ல தைக்கப் போயி பத்து மாசமாச்சுங்க," என்றார். "பாடமெல்லாம் அவங்க பாஷையில. வார்டுல ஒரு கெழவி எங்க வலிக்குதுன்னு சொல்லிச் சொல்லி அழுதிருக்கா, இவளுக்கு வெளங்கல. அதுக்கப்புறம் புத்தகத்தையே தொறக்க முடியலயாம். பரீட்சையில தவறி, காசையும் நிப்பாட்டிட்டாங்க. எயர்போட்ல எறங்கி ஃபெக்டரிக்குப் போன் எடுத்தா. மேளம் அடிச்சு அனுப்புன சனத்துக்கு முன்னால எந்த மூஞ்சியோட வருவேன்னு கேட்டா. அம்மாகிட்ட சொன்னா செத்துருவேன்னு சத்தியம் வாங்கிட்டா. ஒபரேசன் விசயத்தச் சொன்னதுல இருந்து அவளுக்குத் தூக்கமே இல்ல."

அழகம்மா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று சிவம் நினைத்தார். திட்டினால் நல்லது என்றும் நினைத்தார்.

"பத்து மாசமா நீ மட்டும் பாத்திருக்க," என்றாள் அவள். "எளச்சிட்டாளா?"

கந்தையா ஆமென்று தலையை ஆட்டினார்.

அழகம்மா எழுந்தாள். கொடியில் கிடந்த நல்ல சேலையை எடுத்து, தேய்க்கச் சொல்லி அவர் முன்னால் போட்டாள். "நர்சுக்குப் பாதி படிச்சவ. திங்கக்கெழம எங்கூட ஆஸ்பத்திரியில இருக்க அது போதும். இந்தச் சனத்த நான் பாத்துக்குறேன்."

பிறகு கம்பளிச் சட்டையைத் தலை வழியாகப் போட்டுக்கொண்டாள்.

"நான் வர்றேன்னு அவகிட்ட சொல்லி வச்சிராத. நாளைக்கு என்னையக் கூப்பிட அவ போனத் தூக்கட்டும். நான் பின்னாடி நிப்பேன்."