எந்த மாடி

மாலை நாலு மணி பத்து நிமிடம். யாரோ கதவைத் தட்டினார்கள்.

இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை. இரண்டாம் மாடியில் கடைசி அறை அது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மாணவர் மன்றத்தின் பழைய கைபேசி. சுவரில் அவளே தயாரித்த சுவரொட்டி. 'பேச வேண்டுமா? கேட்க நாங்கள் இருக்கிறோம். தினமும் நான்கு முதல் ஏழு வரை.' அதன் கீழே ஓர் எண்.

'நாங்கள்' என்பது இப்போது அவள் மட்டும்தான்.

போன வருடம் விடுதியில் ஒரு மாணவி இறந்தாள். அதன் பிறகு ஒன்பது பேர் சேர்ந்து தொடங்கிய மன்றம். எட்டுப் பேருக்குப் பரீட்சை வந்தது, காதல் வந்தது, அலுப்பு வந்தது. அவளால் விட்டுப் போக முடியவில்லை. இறந்தவள் அவளுடைய அறைத்தோழி. கடைசி நாளில் ஒரு முறை இவளைக் கூப்பிட்டிருந்தாள். இவள் வகுப்பில் இருந்தாள். எடுக்கவில்லை.

அன்று காலைதான் பொறுப்பாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடும்மா. விளையாட்டுச் சாமான் வைக்க இடம் கேக்கறாங்க. ஒரு போன்கூட வரல... விளம்பரம் பத்தலையா, இல்ல நம்ம காலேஜுல யாருக்குமே கவலை இல்லையா?"

பதில் அவளுக்குத் தெரியும்.

கதவு திறந்தது. நனைந்த நீலச் சட்டை. தோளில் கருவிப் பை. கையில் சுருட்டிய சுவரொட்டி. தூக்கத்தைத் தொலைத்த கண்கள்... அவற்றில் மழையும் இருந்தது.

"இதை ஒட்டினது நீங்களா?"

அவள் பாதி எழுந்தாள். முகம் புதிது. குரல் புதிதில்லை.

"ஏங்க, உங்களைத்தான். இதுல இருக்கிற நம்பர் என்னோடது."

அவன் சுவரொட்டியை மேசையில் விரித்தான். மன்றத்துக் கைபேசியின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசிக்கு முந்தைய இலக்கத்தில் விரலை வைத்தான். நகத்தின் ஓரத்தில் கறுப்பு மசகு.

"இங்க எட்டு வரணுமா? ஒன்பது போட்டிருக்கீங்க."

அவள் குனிந்து, முதல் முறை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

ஒட்டிய இரண்டாம் நாளே அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு அழைப்பும் வரவில்லையே என்று, விடுதி வராந்தாவின் பொதுத் தொலைபேசியிலிருந்து சுவரொட்டியைப் பார்த்து அழைத்தாள். மன்றத்துக் கைபேசி மற்றொரு கையில் இருந்தது. ஒலிக்கவில்லை. எங்கோ ஒரு ஆண் குரல் எடுத்தது.

"சொல்லுங்க... எந்த மாடியில நிக்குது?"

மன்னிக்கணும், தப்பான நம்பர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அழுகை வந்தது.

"பயப்படாதீங்க. நான் லைன்லதான் இருக்கேன். எந்த மாடி?"

"தெரியல," என்றாள் முணுமுணுப்பாக.

"சரி. பேச வரலன்னா பரவாயில்ல. ஒரு தட்டு தட்டுங்க, இருக்கீங்கன்னு புரிஞ்சுக்கறேன்."

அவள் நகத்தால் தொலைபேசியில் தட்டினாள். அவன் பேசினான். மறுநாள் திருத்திவிடலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அவனைத்தான் அழைத்தாள். இப்படி ஆறு வாரம்...

"நான் லிஃப்ட் மெக்கானிக்," என்றான் அவன். "உங்க கட்டடத்துல லிஃப்டே கிடையாது. எனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல. ஆனா தினம் இங்கிருந்து யாராவது கூப்பிடறாங்க. பதினோரு பேர்."

"பதினோரு பேரா?"

"விளம்பரம் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. வீடுதான் மாறிப்போச்சு."

அவள் சிரிக்கவில்லை. பதினோரு பேர். அவள் மட்டும் என்றே நினைத்திருந்தாள். நினைக்கத்தான் விரும்பினாள்.

"தப்பான நம்பர்னு சொல்லி வெச்சிருக்கலாமே," என்றாள் மெல்ல.

"லிஃப்டுல மாட்டினவங்ககிட்ட முதல்ல பேச்சு கொடுக்கணும். ரிப்பேர் அப்புறம்தான். எங்க வேலையில முதல் பாடம் அதான். ஒரு பையன் ரெண்டு மணி நேரம் பேசினான். அவங்க அம்மாவுக்குப் போன் போட வெச்சிட்டுத்தான் நான் வெச்சேன்." நிறுத்தினான். "நான் வந்தது சண்டை போட இல்லைங்க. ஒருத்தரைத் தேடி வந்திருக்கேன்."

வெளியே மழை வலுத்தது.

"ஒரு பொண்ணு. முதல் நாள் 'தெரியல'ன்னதோட சரி, பேச மாட்டாங்க. தட்டுவாங்க. அக்கா பையன் பல் விழுந்தது, ஓனர் வசவு... என்னத்தையோ சொல்லிட்டே இருப்பேன். அப்புறம் ஒரே ஒரு தடவை, முணுமுணுப்பா, நாளைக்கும் இருப்பீங்களான்னு கேட்டாங்க. இருப்பேன்னு சொன்னேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை. லிஃப்ட் குழிக்குள்ள இருந்தேன், சிக்னல் இல்ல. மேல வந்து பார்த்தா மூணு மிஸ்டு கால். அதுக்கப்புறம் போனே இல்ல. இன்னையோட ஆறு நாள்."

"திருப்பிக் கூப்பிட்டீங்களா?"

"அது ஹாஸ்டல் பொது போன். யார் யாரோ எடுக்கறாங்க. சிரிக்கறாங்க." கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "அவங்க உயிரோட இருக்காங்களான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

அந்தக் கண்களை அவள் அறிவாள். ஒரு வருடமாகக் கண்ணாடியில் பார்க்கிறாள்.

சொல்லிவிடு... நான்தான் என்று சொல்.

சொன்னால் அடுத்த கேள்வி வரும். நம்பர் தப்புன்னு எப்பத் தெரியும்? பதினோரு பேரை ஊர் பேர் தெரியாத ஒருவன் தலையில் கட்டிவிட்டு, இங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தாய்? அவன் எடுத்திருக்காவிட்டால்?

"நான் விசாரிச்சுப் பார்க்கறேன்," என்றாள். "நம்பரையும் மாத்திடறேன். நீங்க கிளம்புங்க."

அவன் அவளையே பார்த்தான்.

"விசாரிக்கறீங்களா? வார்டனைக் கூப்பிடுங்க. இப்பவே ஹாஸ்டல் பொண்ணுங்க பட்டியலைப் பார்ப்போம்."

"அப்படியெல்லாம் வெளியாள் கேட்டா காட்ட மாட்டாங்க."

"வெளியாள்..." தலையை ஆட்டினான். "சரிதான். பத்து இலக்கத்தை ஒழுங்கா அடிச்சுப் பார்க்க நேரமில்ல. கேட்க நாங்கள் இருக்கிறோமாம். யாருங்க இருக்கீங்க?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கு எதுவும் தெரிய வேண்டாம். அந்தப் பொண்ணு இருக்காங்களான்னு தெரியணும். அவ்வளவுதான்."

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியேறினான். வராந்தாவில் ஈரக் காலணிகளின் சத்தம். பிறகு படிகளில்.

அவள் சுவரொட்டியைப் பார்த்தாள். அவன் விரல் பட்ட இடத்தில் மசகுக் கறை. இன்று இரவும் அவன் தூங்கமாட்டான். நாளையும். ஒரு வருடம் கழித்தும், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அவளாக இருக்குமோ என்று பதறி எடுப்பான். அதன் கனம் என்னவென்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

மன்றத்துக் கைபேசியை எடுத்தாள். அந்த எண்ணைப் பார்க்காமலே அழுத்தினாள்.

படிகளில் மணி ஒலித்தது. ஒரு முறை. இரண்டாவது முறை முழுதாக ஒலிக்கவில்லை.

"சொல்லுங்க." மூச்சு வாங்கியது. "எந்த மாடியில நிக்குது?"

நகத்தால் ஒரு தட்டு தட்டினாள்.

படிகளில் காலடிச் சத்தம் நின்றது.

"நீங்களா?" குரல் உடைந்தது. "எங்க இருக்கீங்க? நல்லா இருக்கீங்களா? எந்த மாடி, சொல்லுங்க..."

"ரெண்டாவது," என்றாள். "இப்பதான் நீங்க இறங்கிப் போனீங்க."

மழை மட்டும், தொலைபேசியிலும் ஜன்னலிலும் ஒன்றாக.

"நம்பர் தப்புன்னு எனக்கு ரெண்டாவது நாளே தெரியும். திருத்தல. திருத்தினா நாளைக்கு உங்களைக் கூப்பிட எனக்கு ஒரு சாக்கும் இருக்காது... அதனாலதான். மத்தவங்களை நினைச்சுப் பார்க்கல. அது தப்பு. பெரிய தப்பு." கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். "செவ்வாய்க்கிழமை நீங்க எடுக்கல. உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். நினைச்சப்பதான் தெரிஞ்சுது, எனக்கு நீங்க யாருன்னு. அதுக்கப்புறம் கூப்பிடப் பயமா இருந்துச்சு. முகம்கூடத் தெரியாம ஒருத்தரை இப்படியெல்லாம்... சிரிப்பா இருக்கும் உங்களுக்கு."

படிகளில் ஏறும் சத்தம் இல்லை. இறங்கும் சத்தமும் இல்லை.

அவள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"லைன்ல இருக்கீங்களா? பேச வேண்டாம்... இருந்தா ஒரு தட்டு தட்டுங்க."