இரண்டாவது மட்டை

இரண்டாவது மட்டை தானாக நகர்ந்தபோது தம்பையா பழியைத் தூக்கிக் கரண்டின் தலையில் போட்டார். தோட்டத்துக் கரண்டு எந்தக் காலத்தில் ஒழுங்காக இருந்திருக்கிறது? கீழே ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலர்கள் உருளத் தொடங்கினால் வீட்டு பல்பு மஞ்சளாகிச் சோர்ந்துவிடும். அவை நின்றால் கண்ணைக் கூசவைக்கும். ஸ்டோர் என்கிற அந்தத் தேயிலை ஆலையை ஓட்டும் டீமேக்கரே அவர்தான் என்பதால் முறையிடவும் ஆளில்லை.

டீவியின் கறுப்புத் திரையில் இடப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, வலப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு. அவைதான் மட்டைகள். நடுவே ஓடும் வெள்ளைப் புள்ளி பந்து. இடது மட்டையை ஆட்டும் திருகு தம்பையாவின் கையில் இருந்தது. வலது மட்டையின் திருகு வயர் சுருண்டபடி பாயின் மேல் கிடந்தது. பரீட்சைக்காக அவர் தட்டிவிட்ட பந்து வலப்பக்கம் போனது. வலது மட்டை மெதுவாகக் கீழே இறங்கியது, கொஞ்சம் காத்திருந்தது, பந்தைத் திருப்பி அடித்தது.

டொக்.

அந்த டீவி கேமை அவர் பதுளைக் கடைத்தெரு ஜாபிரிடம் வாங்கியிருந்தார். ஜாபிரின் தங்கை குவைத்திலிருந்து கொண்டுவந்த பெட்டி. நமுனுகுல மலையடியில் இருக்கும் ஒரு தோட்டத்து டீமேக்கருக்கு அது எதற்கு என்று கேட்டால், அவருக்காக இல்லை, மகள் தவமலருக்காக. பிள்ளை வரம் கேட்டுக் கதிர்காமத்துக்கு எத்தனையோ தடவை நடந்து, இனி இல்லை என்று லெட்சுமியும் அவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு பிறந்த பிள்ளை. போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவள் மூட்டுகளை வீங்கவைத்துவிட்டு, போகிறபோக்கில் இருதயத்தையும் தொட்டுவிட்டுப் போனது. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் மேலே வரும்போதெல்லாம் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்க்கும் தெம்பு தம்பையாவுக்கு இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே பந்தாடலாம் என்று ஜாபிர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். பிளக் சுவரில் ஏறவில்லை. தீக்குச்சியைச் செருகி ஏற்றினார். அதற்கான சின்ன டிரான்ஸ்ஃபோர்மர் தொட்டால் கை சுட்டது, சூடான தார் வாசம் அடித்தது. எல்லாம் சரி என்று பார்த்தால் திரையில் மழை. மழைக்கு நடுவே ஒரு மட்டை இரண்டாகத் தெரியும், பந்து பாதி வழியில் கரைந்துவிடும்.

"டீமேக்கர் ஐயா, அன்டெனா வயரக் கழட்டி வீசுங்க. இதுக்கும் அன்டெனாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. படம் பெட்டிக்குள்ளருந்துதான் வருது," என்று, கடைக்குப் போய் முறையிட்ட அவரிடம் ஜாபிர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்.

தம்பையாவுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இந்த மலையில் அன்டெனாவைத் திருப்பாமல் எந்த வீட்டில் படம் தெரிந்தது? பெட்டியின் வயரையும் அன்டெனா வயரையும் ஒன்றாக முறுக்கி டீவியில் கட்டினார். ஒரு வாரமாகச் சாயங்காலமானால் இதே கூத்து: அவர் கூரை மேல் ஏறி அன்டெனாக் குழாயைத் திருப்புவார், தவமலர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு கத்துவாள். "வருதுப்பா! ஐயோ, போச்சு!" அந்தக் கத்தலில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. ஆட்டம் கிடைக்காவிட்டாலும் இதாவது கிடைத்ததே என்று அவர் நினைத்துக்கொள்வார்.

இன்று கிளினிக் நாள். தாயும் மகளும் காலையிலேயே பதுளைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வருவதற்குள் சரிசெய்து வைப்பதாகப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதனால்தான் வலது மட்டை தானாக ஆடியதைப் பார்த்து அவருக்கு முதலில் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாயில் கிடந்த திருகை எடுத்து, அதன் வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கிப் போட்டார். வலது மட்டை ஒரு கணம் நின்றது. பிறகு மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறியது. ஆள் எங்கே என்று தேடுவதுபோல இருந்தது.

இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஆனாலும் அவர் இயந்திரங்களோடு வாழ்ந்த மனுஷர். காரணம் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். ரேடியோவில் ஒரு ஸ்டேஷனுக்குள் இன்னொரு ஸ்டேஷன் நுழைவதில்லையா? எங்கேயோ யாரோ ஆடுகிற ஆட்டம் அன்டெனா வழியாகக் குறுக்கே விழுகிறது, அவ்வளவுதான். வேறு பக்கம் திருப்பினால் போய்விடும்.

வீட்டின் பின்னால், சமைக்கும் குசினிப் பக்கம் ஏணியைச் சாய்த்து மேலே ஏறினார். மழை விட்டுக் கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது. தகரம் காலடியில் வழுக்கியது. பாசியும் கரியும் கலந்த ஈர வாசம் மூக்கில் ஏறியது. கீழே ஸ்டோரிலிருந்து வாட்டிய கொழுந்தின் பச்சை நெடி காற்றோடு வந்து போனது. தேயிலைச் செடிகளின் மேல் மூடுபனி வரிசை வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. அந்த வீட்டைச் சுற்றி வேறு வீடு கிடையாது. புகைக்கூண்டோடு கட்டியிருந்த இரும்புக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துச் சற்றுத் திருப்பினார். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி ஏற வேண்டுமே என்று அலுப்பாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் திருப்புங்கப்பா."

தவமலரின் குரல், கூரைக்குக் கீழேயிருந்து.

முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள் போல. தான் மேலே இருக்கும்போது குசினிக் கதவு வழியாக நுழைந்திருப்பார்கள். தம்பையாவின் மனம் லேசானது. குழாயை இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"இப்பயா?"

"இன்னும் கொஞ்சம்."

"டாக்டர் என்ன சொன்னாரு கண்ணு?"

பந்தின் சத்தம் மட்டும் கேட்டது. டொக். டொக்.

"தவம்! டாக்டர் என்ன சொன்னாரு?"

"இன்னும் கொஞ்சம் திருப்புங்கப்பா."

பிள்ளை ஆட்டத்தில் மூழ்கிவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே திருப்பினார். இங்கே எல்லா அன்டெனாவும் பார்க்கும் திசையை அவருடைய குழாய் எப்போதோ தாண்டியிருந்தது. இப்போது அது தோட்டம் எப்போதோ கைவிட்ட மலையைப் பார்க்கத் தொடங்கியது. அங்கே தேயிலை மரமாக வளர்ந்து காடாகிக் கிடந்தது. அந்தப் பக்கம் கொழுந்தெடுக்கவும் விறகு பொறுக்கவும் யாரும் போவதில்லை. கேட்டால் ஆளுக்கொரு சாக்குச் சொல்வார்கள். அந்தப் பக்கத்திலிருந்து என்ன படம் வரப்போகிறது?

"நல்லா வருது. இன்னும் கொஞ்சம்."

ஒன்று உறுத்தியது. ஒரு வாரமாக இந்தக் கத்தலைக் கேட்டிருக்கிறார். பிள்ளை ஒரு தடவை 'வருது' என்றால் இரண்டு தடவை 'போச்சு' என்பாள். நடுவே சிரிப்பாள், இருமுவாள், அம்மாவைக் கூப்பிடுவாள். இந்தக் குரலுக்கு மூச்சு வாங்கவேயில்லை. அதோடு பந்துச் சத்தம். டொக், டொக், டொக், டொக். ஒரு பந்துகூடத் தவறவில்லை. இரண்டு பக்கமும் திருப்பி அடிக்கிறார்கள். லெட்சுமியா ஆடுகிறாள்? அந்தப் பெட்டியைக் கண்டாலே அவளுக்கு ஆகாதே.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டார். சத்தமாகக் கூப்பிட்டார். "லெட்சுமி! ஏய் லெட்சுமி!"

கீழே பந்து நின்றது.

"லெட்சுமி," என்றது கீழேயிருந்த குரல். மகளின் குரல்தான். தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. மறுபடி சொன்னது. "லெட்சுமி. ஏய் லெட்சுமி." இந்தத் தடவை கொஞ்சம் தடித்திருந்தது.

அப்போதுதான் வளைவில் பஸ்ஸின் வெளிச்சம் திரும்பியது. ஸ்டோருக்குக் கீழே நின்று இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போனது. ஒரு பெரிய கறுப்புக் குடை. பக்கத்தில் ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை.

தம்பையா குழாயிலிருந்து கையை எடுத்தார்.

சிவப்புச் சட்டை அவர்தான் வாங்கிக் கொடுத்தது. காலையில் பொத்தான் போட்டுவிட்டதும் அவர்தான். தவமலர் அங்கே, பாதையில், மூடுபனிக்குள் ஏறி வந்துகொண்டிருந்தாள். அப்படியானால் கூடத்தில் இருப்பது?

டொக், என்று மறுபடி தொடங்கியது.

இறங்க வேண்டும். அவர்களுக்கு முன்னால் வாசலுக்குப் போக வேண்டும். தகரத்தில் குந்தியபடியே விளிம்புக்கு நகர்ந்தார். ஏணி இல்லை. எட்டிப் பார்த்தார். அது கீழே போஞ்சிப் பாத்தியின் குறுக்கே, படுக்கவைத்தாற்போல் கிடந்தது. விழுந்த சத்தம் கேட்கவேயில்லை. வாசல் பக்கம் செங்குத்தான கல்படி, மற்ற இரண்டு பக்கமும் கல்கட்டு, அதற்குக் கீழே மழைத்தண்ணீர் ஓடும் கான். எங்கே குதித்தாலும் இரண்டு ஆள் ஆழம்.

"தவம்!" என்று கத்தினார். "வராத! நில்லு! அங்கயே நில்லு!"

ஸ்டோரில் கொழுந்தை வாட்டும் காற்றாடிகள் ஓடத் தொடங்கியிருந்தன. அந்த இரைச்சல் மலையையே நிறைத்தது. சிவப்புச் சட்டை நின்றது, வீட்டைப் பார்த்தது, கையை ஆட்டியது. ஏதோ சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது, சொல் கேட்கவில்லை.

கீழே கூடத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"தவம்," என்றது. "வா கண்ணு. படம் வந்திருச்சு."

அது தம்பையாவின் குரல்.

கனைப்பு, கரகரப்பு, 'கண்ணு' என்பதை இழுக்கும் இழுப்பு, எல்லாம் அவருடையது. காற்றாடிகளின் இரைச்சலுக்கு மேலே தெளிவாக எழும்பிப் போனது. பாதையில் பிள்ளை ஓடத் தொடங்கினாள்.

"ஓடாத புள்ள! டாக்டர் என்ன சொன்னாரு!" என்று லெட்சுமி பின்னால் கத்துவது மெலிதாகக் கேட்டது.

ஓடாதே. தாயே, ஓடாதே. அவர் வாயைத் திறந்தார். வெறும் காற்றுத்தான் வந்தது. இன்னொரு தடவை. காற்று. அவருடைய குரல் கீழே இருந்தது.

வாசல் பக்கம் தாழ்ப்பாள் விலகும் சத்தம். உள்ளேயிருந்து. கதவு திறந்து நீல வெளிச்சம் படியில் விழுந்தது. அந்த வெளிச்சத்துக்குள் சிவப்புச் சட்டை ஓடி மறைந்தது.

கூரையின் நடுவே, கூடத்துக்கு வெளிச்சம் வர, தகரத்துக்குப் பதிலாக ஒரு கண்ணாடித் தகடு பதித்திருந்தார்கள். முழங்கால் கிழிபட அதனிடம் தவழ்ந்து போனார். பல வருஷத்துப் பாசியும் புகையும் ஏறிய கண்ணாடி. சட்டைக் கையால் துடைத்துவிட்டு முகத்தை வைத்துப் பார்த்தார்.

டீவி வெளிச்சம் கூடம் முழுக்கப் பரவியிருந்தது. சுவரில், பாயில், செருப்பில். அவருடைய பிரம்பு நாற்காலியில் மட்டும் விழவில்லை. அங்கே ஒரு இருட்டு உட்கார்ந்திருந்தது. அவர் பிடுங்கிப் போட்ட திருகு அந்த இருட்டின் மடியில், வயர் தரையில் தொங்க, மெதுவாகத் திரும்பியது.

தவமலர் மூச்சு வாங்கியபடி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்கு மட்டுமே அவள் சிரிக்கும் சிரிப்பு. மற்றத் திருகைக் கையில் எடுத்தாள்.

டொக்.

லெட்சுமி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "என்னங்க, லைட்டப் போடாம இருட்டுக்குள்ள உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

டொக். டொக்.

தம்பையா இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தார். மறுபடி அறைந்தார். மறுபடி. உள்ளங்கையில் ரத்தம்.

தவமலர் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணும் அவள் கண்ணும் நேருக்கு நேர் சந்தித்தன. அவள் முகத்திலிருந்த சிரிப்பு வற்றியது. மெதுவாகப் பின்னால் நகர்ந்து நாற்காலியின் காலோடு ஒட்டிக்கொண்டாள்.

"அப்பா," என்றாள் அந்த இருட்டிடம், நடுங்கும் குரலில். "கூரை மேல யாரோ இருக்காங்கப்பா."

இருட்டிலிருந்து ஒரு கை நீண்டு, பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுத்தது.

"அங்க பார்க்காத கண்ணு," என்றது தம்பையாவின் குரல். "நீ ஆடு."